கண்புரை அறுவைக்குப் பின் வீங்கிய கருவிழி: மாற்று அறுவையால் எவ்வளவு பார்வை மீளும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பதினெட்டு மாதங்களுக்கு முன்பு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. புரை முற்றிப் பழுப்பாகிவிட்டதால் அறுவை நீண்டுவிட்டது என்றும், லென்ஸின் உறை கிழிந்ததால் செயற்கை லென்ஸை ஐரிஸுக்கு (கண்பாவையைச் சுற்றியுள்ள நிறவளையம்) முன்னால் வைக்க நேர்ந்தது என்றும் சொன்னார்கள். அன்று முதல் அந்தக் கண் தெளியவில்லை. இப்போது ஒரு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ணுகிறார். காலையில் அதுவும் முடிவதில்லை. அவ்வப்போது ஊசி குத்துவதுபோல் வலித்து நீர் கொட்டுகிறது. கருவிழி (கண்ணின் முன்புறத்தில் ஒளி ஊடுருவும் திரையான கார்னியா) வீங்கிவிட்டது, மாற்று அறுவைதான் வழி என்கிறார்கள். பழைய பார்வை வருமா? எத்தனை ஆண்டுகள் தாங்கும்? வயதானவரின் கண்ணைப் பொருத்தினால் பலன் குறையுமா? இடது கண்ணிலும் புரை இருக்கிறது. அதை என்ன செய்வது? முதல் அறுவையில் தவறு நடந்ததா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மாற்று அறுவை செய்தால் உங்கள் அம்மாவின் கருவிழி தெளிவடைவதற்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கருவிழி தெளிவடைவதும் பார்வை தெளிவடைவதும் ஒன்றல்ல என்பதை அறுவைக்கு முன்பே நீங்கள் இருவரும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அறுவை நன்றாக முடிந்து, பொருத்திய திசு பளிங்குபோல் இருந்தும், "முன்பு பார்த்த மாதிரி தெரியவில்லையே" என்று மனமுடைந்து போகும் நோயாளிகளை இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களில் பெரும்பாலோருக்குக் குறை இருந்த இடம் கருவிழி அல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் விழித்திரையும் பார்வை நரம்பும்தான். அந்தக் குறையை இயன்றவரை முன்கூட்டியே கண்டறிந்து சொல்வது மருத்துவரின் கடமை, அதைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

கண்ணில் நடந்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன் கொண்டது. அதன் உட்புறத்தில், எண்டோதீலியம் என்று நாங்கள் அழைக்கும் ஒற்றை வரிசைச் செல்கள் படர்ந்திருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஊறிக்கொண்டே இருக்க, இந்தச் செல்கள் அதை இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. கருவிழி ஒளி ஊடுருவும்படி இருப்பது இந்த உழைப்பால்தான். நடுவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,500 முதல் 3,000 வரை இருக்கும் இந்தச் செல்கள், அழிந்தால் மனிதக் கண்ணில் புதிதாகப் பெருகுவதில்லை. எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பும். எண்ணிக்கை ஏறத்தாழ 500க்குக் கீழே இறங்கும்போது நீரை வெளியேற்றும் வேலை தடுமாறி, கருவிழி ஊறித் தடித்து மங்கிவிடுகிறது. மேல்பரப்பில் நீர்க்கொப்புளங்கள் எழுகின்றன. அவை உடையும்போது நரம்பு முனைகள் வெளிப்படுவதால்தான் அம்மாவுக்கு ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. காலையில் பார்வை மோசமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: இரவு முழுதும் இமை மூடியிருப்பதால் மேல்பரப்பிலிருந்து நீர் ஆவியாக வழியில்லை, பகல் ஏற ஏறச் சற்று வற்றுகிறது.

கண்புரை அறுவை முடிந்த சில நாட்களில் ஏற்படும் வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வற்றிவிடும். கருவிழியின் உட்சவ்வு பிரிந்து தொங்குவதுதான் காரணமென்றால், காற்றையோ வாயுவையோ செலுத்தி அதை ஒட்ட வைத்துவிடலாம். எனவே வீக்கம் கண்டதுமே யாரும் மாற்று அறுவைக்கு அவசரப்படுவதில்லை. மூன்று மாதங்களாவது பொறுத்துப் பார்ப்பது வழக்கம். உங்கள் அம்மாவுக்கோ பதினெட்டு மாதங்கள் ஆகிவிட்டன, கொப்புளங்களும் வந்துவிட்டன. இது தானாக மீளும் நிலை அல்ல. உப்புச் சொட்டு மருந்து காலை மங்கலைக் கொஞ்சம் குறைக்கும். செல்களைத் திருப்பித் தராது.

இனி, எவ்வளவு பார்வை மீளும் என்பதைத் தீர்மானிப்பவை. உங்கள் அம்மாவின் விஷயத்தில் நான் முதலில் கவலைப்படுவது மாக்குலாவைப் பற்றி, அதாவது விழித்திரையின் மையப்பகுதியைப் பற்றி. உறை கிழிந்து, லென்ஸ் ஐரிஸுக்கு முன்னால் அமர்ந்த கண்களில் மாக்குலாவில் நீர் கோப்பது அதிகம். சர்க்கரை நோயும் சேர்ந்தால் அதற்கான வாய்ப்பு இன்னும் கூடுகிறது. மங்கிய கருவிழி வழியாக உள்ளே பார்க்க முடியாததால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்துவிடும். நீர் சமீபத்தில் கோத்திருந்தால் மருந்தாலும் ஊசியாலும் வற்ற வைக்கலாம். நெடுநாள் ஊறிய மாக்குலாவில் செல்கள் நிரந்தரமாகச் சேதமடைந்திருக்கும். ஓசிடி எனும் ஒளிக்கதிர்ப் படம் மிதமான வீக்கத்தினூடேயும் பெரும்பாலும் எடுக்க வரும். கிளிசரின் சொட்டு விட்டால் கருவிழி சிறிது நேரம் தெளிந்து உள்ளே பார்க்க வழி கிடைக்கும். அதுவும் இயலாவிட்டால், விழித்திரை தன் இடத்திலேயே ஒட்டியிருக்கிறதா என்பதையாவது அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். நான்கு திசையிலிருந்தும் காட்டும் டார்ச் ஒளியை அம்மா சரியாகச் சுட்டுகிறாரா, ஒளிபட்டதும் கண்ணின் பாவை சுருங்குகிறதா என்ற எளிய சோதனைகளும் நிறையச் சொல்லும். இவற்றை யாரும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது கண் அழுத்தம். முன்புறம் வைத்த லென்ஸ், நீர் வடியும் கோணத்தை உறுத்தி அழுத்தத்தை உயர்த்தக்கூடும். வீங்கிய கருவிழியின் மேல் வழக்கமான கருவியால் அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். உயர்ந்த அழுத்தம் பார்வை நரம்பை அரிப்பதோடு எஞ்சிய எண்டோதீலியச் செல்களையும் வேகமாக அழிக்கிறது. எனவே அழுத்தத்தை வேறொரு கருவியாலும் அளந்து உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். அழுத்தத்துக்கான சொட்டு மருந்துகளில் டோர்சோலமைடு போன்ற வகையை இத்தகைய கருவிழியில் இயன்றவரை தவிர்க்கிறோம். அம்மா அதைப் பயன்படுத்திவந்தால் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள், தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

காலமும் முக்கியம். ஊறிய கருவிழி நீண்ட நாள் அப்படியே கிடந்தால் மேல்புறத்தில் தழும்புத் திசு படர்கிறது, நடு அடுக்கிலும் மங்கல் நிலைத்துவிடுகிறது. பிறகு உள்ளடுக்கை மட்டும் மாற்றினால் நீர் வற்றும், தழும்பு வற்றாது. பதினெட்டு மாதங்கள் என்பது கைமீறிப்போன காலம் அல்ல, ஆனால் இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போடுவது அம்மாவுக்கு நன்மை செய்யாது என்பது என் திடமான கருத்து.

அறுவை முறைகளைப் பற்றி. 1905இல் இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமொட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்ததிலிருந்து ஒரு நூற்றாண்டு வரை, கருவிழி மாற்று என்றால் முழுத் தடிமனையும் வட்டமாக வெட்டி எடுத்துத் தானக் கருவிழியை மெல்லிய தையல்களால் பொருத்துவதுதான். அதனால் கருவிழியின் வளைவு சீர்குலையும். தையல்களைப் படிப்படியாக அகற்றிக் கண்ணாடி முடிவாக ஓர் ஆண்டுக்கும் மேலாகும். கடினமான கான்டாக்ட் லென்ஸ் இல்லாமல் தெளிவு கிடைக்காத கண்களும் உண்டு. கெட்டுப்போனது உள்ளடுக்கு மட்டுமே என்றால் அதை மட்டும் மாற்றினால் போதாதா என்ற கேள்விக்கு 1998 முதல் விடை தந்தவர் நெதர்லாந்தின் கெரிட் மெல்லெஸ். அந்தப் பாதையில் வந்தவைதான் இன்றைய டிஸேக், டிமெக் என்னும் முறைகள். டிஸேக்கில் எண்டோதீலியத்துடன் சிறிது நடு அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரையிலான தகடு வைக்கப்படுகிறது. டிமெக்கில் 10 முதல் 15 மைக்ரான் அளவே உள்ள சவ்வு மட்டும். அது வாழைக்குருத்துபோல் தானே சுருண்டுகொள்ளும் இயல்புடையது, அதைக் கண்ணுக்குள் தொடாமல் விரித்து ஒட்ட வைப்பதில்தான் அறுவை மருத்துவரின் திறமை முழுதும் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பிடெக் என்ற முறை சென்னையைச் சேர்ந்த அமர் அகர்வாலும் இங்கிலாந்தின் ஹர்மிந்தர் துவாவும் சேர்ந்து உருவாக்கியது.

வேறு கோளாறில்லாத கண்களில் டிமெக் 6/9 அல்லது அதைவிட நல்ல பார்வையைப் பலருக்குத் தருகிறது (6/6 என்பது இயல்பான பார்வை; பின்னால் வரும் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). டிஸேக் பெரும்பாலும் 6/12ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் இந்த நல்ல எண்கள் பெரும்பாலும் எண்டோதீலியச் செல்கள் தாமே அழியும் ஃபூக்ஸ் நோய் எனும் பரம்பரைக் கோளாறுள்ள, உள்ளமைப்பு குலையாத கண்களிலிருந்து கிடைத்தவை. கண்புரை அறுவைக்குப் பின் வீங்கிய கண்களில், அதிலும் ஓராண்டுக்கு மேல் வீங்கிய கண்களில், அதே எண்ணை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மாக்குலாவும் நரம்பும் ஓரளவு நலமாக இருந்தால், உங்கள் அம்மா கண்ணாடியுடன் 6/18 அல்லது 6/12 வரிசையைப் படிப்பதை நல்ல பலனாகவே நான் கருதுவேன். எதிரே வருபவரின் முகம் தெரியும், வீட்டு வேலையைத் தடுமாறாமல் செய்யலாம், கண்ணாடியுடன் பெரிய எழுத்தைப் படிக்கலாம். மாக்குலா சேதமடைந்திருந்தால் பலன் 6/60ஐச் சுற்றியே நிற்கக்கூடும். அப்போதும் வலி நீங்கும், நடமாடும் பார்வை கிடைக்கும். அது சிறிய பயன் அல்ல. பார்வை மீள வழியே இல்லை என்று சோதனைகள் காட்டினால், வலியைத் தணிக்க மட்டும் பனிக்குடச் சவ்வு பொருத்துவது போன்ற எளிய வழிகள் உள்ளன. அரிதான ஒரு தானக் கருவிழியை அதற்காகச் செலவிட வேண்டியதில்லை.

அம்மாவுக்கு எந்த முறை என்பது தழும்பின் ஆழத்தையும் அந்த முன்புற லென்ஸையும் பொறுத்தது. தழும்பு ஆழமில்லையென்றால் முழுத் தடிமன் மாற்றுக்கு நான் போக மாட்டேன். லென்ஸ் முன்னறையிலேயே இருக்கும்போது மெல்லிய டிமெக் சவ்வை விரிக்க இடம் போதாது, வைத்த செல்களையும் அந்த லென்ஸ் உரசும். எனவே அதை அகற்றிவிட்டு, ஐரிஸுக்குப் பின்னால் கண்ணின் வெண்சுவரில் நிலைநிறுத்தும் லென்ஸ் ஒன்றை வைத்து, டிஸேக் செய்வது இத்தகைய கண்களில் நம்பகமான வழி. ஒரே அமர்விலா, இரண்டாகப் பிரித்தா என்பதை அறுவை மருத்துவர் முடிவுசெய்யட்டும். டிமெக் புதியது என்பதற்காக மட்டும் அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். அந்த மருத்துவர் எந்த முறையை அடிக்கடி, நன்றாகச் செய்கிறாரோ அதற்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதற்கு, அமெரிக்காவில் 2000 முதல் 2002 வரை 1,090 பேரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்த கருவிழித் தான ஆய்வு நேர்மையான விடை தருகிறது. அதில் செய்யப்பட்டவை முழுத் தடிமன் மாற்றுகள். ஐந்து ஆண்டுகளுக்குள் ஃபூக்ஸ் நோயாளிகளில் 7 சதவீதம் பேருக்கே ஒட்டு, அதாவது பொருத்திய தானத் திசு, தோற்றது. கண்புரை அறுவைக்குப் பின் வீங்கியவர்களிலோ 27 சதவீதம். பத்து ஆண்டுகளில் அவை 20, 37 என்று உயர்ந்தன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் புரிகிறது. அறுவையால் சேதமடைந்த கண்ணில், ஒட்டைச் சுற்றியுள்ள சொந்தக் கருவிழியின் ஓரத்திலும் செல்கள் இருப்பதில்லை. தானச் செல்கள் அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியே நகர்ந்து விரைவில் மெலிகின்றன. ஒட்டு தெளிவாக நீடித்தவர்களிடமே ஐந்து ஆண்டுகளில் செல்களில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. எனினும் பத்தில் ஆறு பேருக்கு மேல் பத்தாண்டு தாங்கியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒட்டு தோற்றால் மீண்டும் செய்ய வழி உண்டு. உள்ளடுக்கு மாற்றில் அது முன்னைவிட எளிது.

தானம் தந்தவரின் வயது குறித்த உங்கள் அச்சத்துக்கும் அதே ஆய்வில் விடை இருக்கிறது. 12 முதல் 65 வயது வரையிலான தானக் கருவிழிகளும், 66 முதல் 75 வயது வரையிலானவையும் ஐந்து ஆண்டுகளில் ஒரே அளவாக, 86 சதவீதம், தாங்கின. செல்களின் எண்ணிக்கையைக் கண் வங்கி அளந்த பிறகே திசுவைத் தருகிறது. அந்த எண்ணை நீங்கள் கேட்கலாம், பிறப்புச் சான்றிதழை அல்ல. நம் நாட்டில் கருவிழியை விற்பது சட்டப்படி குற்றம். பரிசோதித்துப் பாதுகாத்துத் தருவதற்கான கட்டணத்தை மட்டுமே கண் வங்கி பெறலாம். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில் டாக்டர் முத்தையாவின் முயற்சியால் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்குத் தேவை வந்த இந்த வேளையில், மற்றவர்களும் கண்தானம் பற்றிப் பேசுங்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் குடும்பத்தார் முன்பே அறிந்திருப்பது அவசியம்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களை அம்மாவுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். ஒட்டை மேலே அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ நிரப்பியிருப்பார்கள். மருத்துவர் சொல்லும் காலம் வரை முகம் மேல்நோக்கி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். குமிழி கரையும் வரை பார்வை தெரியாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் விமானப் பயணம் கூடாது. கொடைக்கானல், உதகை போன்ற மலைப் பயணமும் கூடாது. கடும் வலியும் வாந்தியும் வந்தால் குமிழி நீர்ப்பாதையை அடைத்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிலருக்கு ஒட்டின் ஓரம் பிரியும், மீண்டும் காற்று செலுத்த நேரும். அது தோல்வி அல்ல. டிஸேக்குக்குப் பின் கண்ணின் பவர் சற்றுப் பிளஸ் பக்கம் நகரும் என்பதால், மூன்று மாதங்கள் கழித்துக் கண்ணாடி எழுதினால் போதும்.

நான் அதிகம் வலியுறுத்துவது ஸ்டீராய்டு சொட்டு மருந்தை. கண் வெளுத்து, பார்வை வந்துவிட்டது என்று பலர் நான்காவது ஐந்தாவது மாதத்தில் தாமே நிறுத்திவிடுகிறார்கள். ஒட்டை உடல் நிராகரிப்பது அப்படித்தான் பல கண்களில் தொடங்குகிறது. 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் இரண்டு ஆண்டுகளுக்குள் நிராகரிப்பு முழுத் தடிமன் மாற்றில் 18 சதவீதம், டிஸேக் போன்ற தகடு வகையில் 12 சதவீதம், டிமெக்கில் ஏறத்தாழ 1 சதவீதம் என்று இருந்தது. அபாயம் குறைந்திருக்கிறது, நீங்கவில்லை. சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே காட்டினால் பெரும்பாலும் ஒட்டைக் காப்பாற்றிவிடலாம். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை உயர்த்தும் என்பதால் அழுத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால்தான் மேல்பரப்புப் புண் விரைவில் ஆறும்.

ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த கினோஷிதாவின் குழு, ஆய்வகத்தில் வளர்த்த எண்டோதீலியச் செல்களை ஊசியால் செலுத்தி 11 நோயாளிகளில் பலன் கண்டதை 2018இல் வெளியிட்டது. 2023இல் அந்நாட்டு அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. நம்பிக்கை தரும் பாதைதான். ஆனால் அது இங்கு வரும் என்று அம்மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

முதல் அறுவையில் தவறு நடந்ததா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்வது முறையல்ல. முற்றிய பழுப்புப் புரையில் உறை கிழிவதும் செல்கள் அதிகம் அழிவதும் தேர்ந்த கைகளிலும் நேரக்கூடியவை. அறுவைக் குறிப்பையும் லென்ஸ் அட்டையையும் அந்த மருத்துவமனையிலிருந்து கேட்டுப் பெறுங்கள். அடுத்த அறுவையைத் திட்டமிட அவை கட்டாயம் தேவை.

இடது கண்ணை முற்ற விடாதீர்கள்; வலது கண்ணில் நேர்ந்தது மீண்டும் நேராமல் தடுக்க அதுவே முதல் வழி. புரை மென்மையாக இருக்கும்போது எடுத்தால் செல் இழப்புக் குறைவு. அதற்கு முன் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பால் அந்தக் கண்ணின் செல்களை எண்ணச் சொல்லுங்கள். அங்கும் எண்ணிக்கை குறைவாகவோ ஃபூக்ஸ் நோயின் புள்ளிகளோ இருந்தால், வலது கண்ணில் வீக்கம் வந்ததற்கு முன்பே ஒரு பலவீனம் இருந்தது என்று பொருள். அப்போது அனுபவமிக்க மருத்துவர், செல்களை மூடிக் காக்கும் பசைத்திரவத்தைத் தாராளமாகப் பயன்படுத்தி அறுவை செய்ய வேண்டும்.

கருவிழி கிடைக்கும் வரை, 5 சதவீத உப்புச் சொட்டை மருத்துவர் சொன்னபடி விடலாம். காலையில் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கையெட்டும் தூரத்தில், குறைந்த சூட்டில் வைத்துச் சில நிமிடங்கள் காற்றுக் காட்டினால் மங்கல் குறையும். வலி மிகுந்தால் பாதுகாப்பு கான்டாக்ட் லென்ஸ் போடுவார்கள். அது கண்ணில் இருக்கும் காலமெல்லாம் எழுதித்தந்த கிருமிக்கொல்லிச் சொட்டை விட வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது. உடைந்த கொப்புளம் கிருமிகளுக்குத் திறந்த வாசல். கண் திடீரென்று மிகவும் சிவந்தாலோ, சீழ் கோத்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, மருந்துக் கடையில் கேட்டு எதையும் விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.